கதிரை வெளியேதான்: நுவரெலியாப் பக்கம் பறவை பார்க்கப் போன கதை

கொரோனாக் காலத்தில், போகலாமா வேண்டாமா என்று 2021 ஜனவரியில் இருந்து இழுபட்ட பயணம் இது. ஒரு தடவை கொழும்பில் அங்கங்கே முடக்கம் என்று நின்றது, அடுத்த தடவை மாஸ்டரின் மகள் கனடாவில் இருந்து வீடியோவில் வந்து, "ஊசி போடாமல் வெளிக்கிட்டீங்கள் எண்டால் இனி நான் போனே எடுக்கமாட்டன்" என்று அழுததில் நின்றது. மாஸ்டர் எங்கள் மேல்மாடிக்காரர், ஓய்வுபெற்ற விஞ்ஞான ஆசிரியர், சொந்த ஊர் யாழ்ப்பாணம், வயது 68. எனக்கும் தம்பிக்கும் தொலைநோக்கியைப் பிடிக்கச் சொல்லித் தந்தவர். 2020 மார்ச் 20 அன்று நாடு முழுக்க ஊரடங்கு போட்டதில் இருந்து மருந்துக்கடைக்கும் வங்கிக்கும் தவிர அவர் படி இறங்கவில்லை. பல்கனியில் உட்கார்ந்தபடியே கலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறார்: செம்போத்து, கொண்டைக்குருவி, மீன்கொத்தி, பச்சைக்கிளி, ஒரு நாள் மாங்குயில். வாகனச் சத்தம் அடங்கிய அந்த ஏப்ரலில், கொழும்புக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் வத்தளையிலேயே இவ்வளவு குருவி இருக்கிறதா என்று எல்லோருக்கும் காது திறந்தது உண்மைதான். மே 9ஆம் திகதி உலகம் முழுக்க ஒரே நாளில் பறவை எண்ணியபோது நாங்களும் மொட்டை மாடியில் நின்று எண்ணி அனுப்பினோம். ஆனால் அதே காகத்தையும் அதே மைனாவையும் எத்தனை மாதம்தான் எண்ணுவது?

நாங்கள் பார்க்க நினைத்த காஷ்மீர் ஈப்பிடிப்பான் என்ற குருவி மார்ச் கடைசிக்குள் வடக்கே கிளம்பிவிடும். ஊசியோ எப்போது வரும் என்று ஒருத்தரும் சொல்லவில்லை. ஜனவரி 29இல் சுகாதாரப் பணியாளர்களுக்கும் படையினருக்கும் போடத் தொடங்கி, அப்புறம் மேல் மாகாணத்தில் சில பிரிவுகளுக்கு வந்தது, எங்கள் பிரிவுக்கு அப்போது வந்திருக்கவில்லை. இரண்டையும் கூட்டிக் கழித்துப் பார்த்த மாஸ்டர், "ஊசி எப்பிடியும் வரும் பிள்ளை, குருவி நிக்காது" என்றார். மகளுக்கு என்ன சொன்னார் என்று நான் கேட்கவில்லை. சிவராத்திரி விடுமுறையோடு வெள்ளிக்கிழமை லீவையும் சேர்த்துக்கொண்டு தம்பியின் காரில் மூன்று பேரும் வெளிக்கிட்டோம்.

மார்ச் 11, வியாழன்: வத்தளை, கித்துல்கல, தலவாக்கலை

ஏசி போடக்கூடாது, நாலு கண்ணாடியும் இறங்கியிருக்க வேண்டும், முகக்கவசம் கழற்றக்கூடாது. மூன்றும் மாஸ்டரின் சட்டம். அவிசாவளை வரை வேர்த்து ஒழுகியது, களனி ஆற்றுக் காற்று பட்ட பிறகுதான் ஆளுக்கு ஆள் பேசவே தொடங்கினோம். தொலைநோக்கியும் ஆளுக்கொன்று. முன்பெல்லாம் முக்காலியில் நிறுத்திய பெரிய தொலைநோக்கி ஒன்றுக்குப் பத்துப் பேர் வரிசையில் நின்று கண் வைப்போம், கொரோனா வந்த பிறகு அடுத்தவர் கண் பட்ட ரப்பரில் கண் வைக்கக் கூச்சமாக இருந்தது. கைக்குப் பூசும் சானிட்டைசரால் துடைத்தே வில்லையின் மேற்பூச்சைப் போக்கிக்கொண்ட ஆட்களையும் தெரியும். அதனால் பெரியது வீட்டில் நின்றுவிட்டது.

கித்துல்கலயில் காலைச் சாப்பாடு. வாசலில் கை கழுவக் குழாய், நெற்றிக்கு நேரே வெப்பமானி, அப்புறம் பெயரும் ஊரும் தொலைபேசி இலக்கமும் எழுதும் கொப்பி. தம்பி "வத்தளை" என்று எழுதியதை எட்டிப் பார்த்த கடைக்காரர், "பேலியகொட பக்கமா?" என்றார். பக்கம்தான், ஒளிக்க என்ன இருக்கிறது. 2020 ஒக்டோபரில் பேலியகொட மீன் சந்தையில் கொரோனா கொத்தாகப் பரவியதில் இருந்து எங்கள் ஊர்ப் பெயருக்கே ஒரு வாடை ஒட்டிக்கொண்டிருந்தது. மனிசர் முகம் சுளிக்கவில்லை, ஆனால் உள்ளே இருந்த மேசையைக் காட்டாமல் வெளியே பலாமரத்தடி வாங்கைக் காட்டினார். இடியப்பம், பருப்பு, தேங்காய்ச் சம்பல், மூன்று பேருக்கும் தேத்தண்ணியோடு 480 ரூபா. சம்பல் நல்ல உறைப்பு. ஆற்றில் படகு விடும் கடைகள் வரிசையாகப் பூட்டிக் கிடந்தன, ரப்பர் படகுகள் காற்றுப் போய்ச் சுவரில் சாய்ந்திருந்தன. எதிர்க்கரைக் காட்டில் ஒரு ஆறுமணிக்குருவி ஒன்பது மணிக்குக் கூப்பிட்டது. மாஸ்டர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார், இறங்கித் தேடக்கூட இல்லை.

கினிகத்தேனை வளைவுகளில் பனிமூட்டம். ஹட்டனில் சரியான சனம், சிவராத்திரிக்குப் பூ வாங்கும் கூட்டம். தலவாக்கலை தாண்டி எங்கள் தேயிலைத் தோட்டத்து ஏற்றத்தில் கார் முக்கி முனகி ஏறி முடிக்கப் பகல் ஒரு மணி.

இந்த இடத்தில் சொல்லிவிடுகிறேன். நான் பிறந்த லயம், அதாவது தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடு, அது, அம்மாவும் பெரியண்ணன் குடும்பமும் அங்கேதான் இருக்கிறார்கள். ஒரு வருஷத்துக்கு மேலாகப் போகவில்லை. கார்ச் சத்தம் கேட்டு வெளியே வந்த அம்மா, கிட்ட வராமல் இஸ்தோப்பிலேயே நின்றுகொண்டு, "புள்ள, கதிரை வெளிய போட்டிருக்கேன், அங்கனயே இருங்க" என்றார். கொய்யா மரத்தடியில் மூன்று பிளாஸ்டிக் கதிரை, ஒன்றுக்கொன்று ஆறேழு அடி தள்ளி. பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர், சவர்க்காரம், வேப்பிலையும் மஞ்சளும் கரைத்த செம்பு. மஞ்சள் அப்போது விற்ற விலைக்கு அந்தச் செம்பை வைத்ததே பெரிய மரியாதை. இறக்குமதியை நிறுத்தியதில் இருந்து கிலோ ஆயிரக்கணக்கில் போய், ஐம்பது கிராம் பொட்டலமாகத்தான் அப்போது தோட்டத்துக் கடைகளில் கிடைத்தது.

அம்மாவுக்கு வருத்தம்தான், ஆனால் காரணம் இருக்கிறது. தீபாவளிக்குக் கொழும்புக் கடைகளில் இருந்து வந்த பிள்ளைகளால் பணிய லயத்தில் மூன்று குடும்பத்தை அடைத்து வைத்திருக்கிறார்கள். ஒரு காம்பரா, ஒரு அடுப்படி, ஏழு பேர், அதில் ஒருத்தரைத் தனிமைப்படுத்து என்றால் எங்கே வைப்பது? பீஎச்ஐ, அதாவது பொதுச் சுகாதாரப் பரிசோதகர், வந்து கதவில் தாள் ஒட்டிவிட்டுப் போனார், அந்தத் தாளைக் கிழித்த பிறகும் ஒரு மாதத்துக்கு யாரும் அந்த வீட்டில் தேங்காய் கடன் கேட்கவில்லையாம். பக்கத்து வீட்டு அக்கா இதைச் சொல்லிவிட்டு, "ஒங்கள சொல்லல்ல, பொதுவா சொன்னேன்" என்று சேர்த்துக்கொண்டார். எனக்குச் சுருக்கென்றது. கொழும்பில் மலையகத்துப் பிள்ளை என்று தள்ளி வைக்கும் ஆட்களைப் பார்த்திருக்கிறேன், மலையகத்தில் கொழும்புக்காரி என்று தள்ளி நிற்க வேண்டி வரும் என்று நினைத்ததில்லை.

கோதுமை ரொட்டியும் இடிச்ச சம்பலும் தட்டில் வந்தது, தட்டை மதில்மேல் வைத்துவிட்டு அண்ணி பின்வாங்கினார். பேச்சு முழுக்க ஆயிரம் ரூபா. நாட்சம்பளம் ஆயிரம் என்று வர்த்தமானி வந்து ஒரு கிழமைகூட ஆகியிருக்கவில்லை, அதற்குள் ஆயிரம் வேண்டுமானால் கூடுதல் கிலோ எடுக்க வேண்டும், எடுக்காவிட்டால் அரைப் பேர்தான், அதாவது அரை நாள் சம்பளம்தான் என்று கதை ஓடியது. கொழுந்து இல்லாத வெயில் காலத்தில் எங்கே போய் எடுப்பது என்று அக்கா கேட்டார். மாஸ்டர் கவனமாகக் கேட்டுக்கொண்டிருந்தவர், திடீரென்று கையைத் தூக்கி எல்லோரையும் நிறுத்தினார்.

கொய்யாவுக்குப் பின்னால் கானோரத்து வேலிக்கம்பியில் ஒரு சின்னக் குருவி. தொண்டையும் நெஞ்சும் செம்மஞ்சள், அதைச் சுற்றிக் கரை பிடித்தது கறுப்பாக, வாலை ஒரு வெட்டு வெட்டித் தூக்கியது. காஷ்மீர் ஈப்பிடிப்பான், ஆண். மேற்கு இமயத்தில் குஞ்சு பொரித்துவிட்டு பனிக்காலம் கழிக்க இந்த மலைக்கும் தென்னிந்திய மலைகளுக்கும் வருகிற பறவை, உலகத்திலேயே எண்ணிக்கை குறைந்துகொண்டு வருவது. இதற்காகத்தான் அத்தனை தூரம் வந்தோம், அது மறுநாள் பூங்காவில் தேட வேண்டிய பறவை. அம்மா எங்களை வழக்கம்போல உள்ளே கூப்பிட்டு அடுப்படியில் உட்கார வைத்திருந்தால் பார்த்திருக்கவே மாட்டோம். மாஸ்டரின் முகக்கவசத்துக்கு மேலே கண் கலங்கியிருந்தது, மூச்சுப்பட்டுக் கண்ணாடி புகைந்ததுதான் என்று அவர் சொல்கிறார்.

அண்ணன் மகனுக்கு இதெல்லாம் புதிதில்லை. "இதுவா? இது தெனமும் வரும் அத்தை, கல்லு மேலயும் ஒன்னு இருக்கு" என்றான். பள்ளிக்கூடம் மூடியிருந்த மாதங்களில் ஒன்லைன் பாடத்துக்குச் சிக்னல் தேடி மலை உச்சிக் கல்லுக்கு ஏறியிருக்கிறான், பாடம் தொங்கி நிற்கும் நேரமெல்லாம் குருவி பார்த்திருக்கிறான். எந்த மரத்தில் எது, எத்தனை மணிக்கு என்று அவன் சொன்னதை மாஸ்டர் ஒரு மாணவனாக உட்கார்ந்து எழுதிக்கொண்டார். மஞ்சட்காதுக் கொண்டைக்குருவி ஒரு சோடி கொய்யாவுக்கே வந்தது. இலங்கைக்கே உரிய பறவை, அம்மாவுக்கு அது பழம் தின்னும் திருடன்.

சாயந்தரம் கோயில் ஒலிபெருக்கியில் தேவாரம் தொடங்கும்போது கிளம்பினோம். இரவு முழுக்க விழிக்க இந்த வருஷம் ஆள் குறைக்கச் சொல்லியிருந்தார்கள், முறை வைத்துப் போகிறார்களாம். நாங்கள் கோயில் பக்கம் போகவில்லை.

நுவரெலியாவில் இன்னொரு கூத்து. முன்பணம் கட்டி வைத்த விடுதியில் அடையாள அட்டையை வாங்கிப் பார்த்த பொடியன் உள்ளே போனான், பெரியவர் ஒருவர் வந்தார், அறையில் குழாய் உடைந்துவிட்டது என்றார். போனில் பேசியபோது உடையாத குழாய். வேறு அறை? எல்லாம் உடைந்துவிட்டது. தம்பி சத்தம் போடத் தொடங்கினான், மாஸ்டர் அவன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தார். காசு மூன்றாம் நாள் திரும்பி வந்தது, அதையும் சொல்லத்தான் வேண்டும். எட்டு மணிக் குளிரில் அலைந்து கந்தப்பளை வீதியில் ஒரு வீட்டில் மேல் அறை கிடைத்தது, 3,500 ரூபா, மூன்று கம்பளி. வீட்டுக்கார அம்மா ஊர் எது என்றே கேட்கவில்லை, "சுடுதண்ணி வேணுமா?" என்றுதான் கேட்டார்.

மார்ச் 12, வெள்ளி: விக்டோரியா பூங்கா

காலை ஆறரைக்குப் பூங்கா வாசல். விக்டோரியா மகாராணியின் ஆட்சியின் அறுபதாம் ஆண்டுக்காக 1897இல் பெயர் சூட்டிய பூங்கா, நகரத்துக்கு நடுவே பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. பூப்பாத்தி பார்க்க வருபவர்கள் முன்பக்கம் போவார்கள், பறவைக்காரர்கள் பின்பக்கத்து ஊத்தைக் கானுக்குப் போவார்கள். நகரத்துக் கழிவெல்லாம் கலந்து வரும் அந்த ஓடைக்கரையில்தான் கறுப்பு வெள்ளைப் பூங்குருவி வந்து சருகு கிளறும். இமயமலையில் இருந்து வந்து இந்த நாற்றத்தில் இரை தேடுகிற அந்தப் பறவையைப் பார்க்க முன்பு வெள்ளைக்காரர்கள் வரிசையில் நிற்பார்கள்.

வரிசை இல்லை. ஒரு ஆள் இல்லை. நாங்களும், மரத்தடியில் தனியாகக் குந்தியிருந்த ஒரு அண்ணனும்தான். கழுத்தில் பழைய தொலைநோக்கி. "சேர், அசையாம நில்லுங்க, இடப்பக்கம் பைப்புக்குக் கீழ" என்று மெல்லச் சொன்னார். முகக்கவசத்துக்குள் இருந்து மெல்லச் சொன்னது மாஸ்டரின் காதுக்கு எட்டவில்லை, நான் திருப்பிச் சொன்னேன், அதற்குள் தம்பி பார்த்துவிட்டான். பறவை பார்ப்பதே கிசுகிசுப்பில் நடக்கிற வேலை, முகக்கவசம் அதன் பாதியைத் தின்றுவிட்டது. நல்லவேளை குருவி பொறுமைசாலி. மஞ்சள் அலகும் வெள்ளைப் புருவமுமாக முழுதாக வெளியே வந்து ஒரு ஷம்பூ பக்கெற்றைப் புரட்டிப் போட்டது.

அந்த அண்ணன் வழிகாட்டி. நவம்பரில் இருந்து ஏப்ரல் வரை ஒரு நாள்கூட ஓய்ந்ததில்லை என்றார், அது 2019 ஈஸ்டருக்கு முந்திய கதை. குண்டு வெடித்ததில் ஒரு பருவம் போனது, எழும்பி வரும்போது கொரோனா. 2018இல் நாட்டுக்கு 23 இலட்சம் வெளிநாட்டுப் பயணிகள் வந்தார்கள், 2020இல் 5 இலட்சத்துச் சொச்சம், அதுவும் பெரும்பாலும் மார்ச்சில் விமான நிலையத்தை மூடுவதற்கு முன் வந்து சேர்ந்தவர்கள். 2021 ஜனவரி 21இல் விமான நிலையத்தைத் திறந்துவிட்டதாகச் சொன்னார்கள், ஆனால் வந்தவர்களை ஊர்ச் சனத்தோடு கலக்காத குமிழிக்குள் வைத்துக் கூட்டிப் போனதால் பூங்காப் பின்பக்கத்துக்கு யாரும் வரவில்லை. அதனால் வாரத்தில் நாலு நாள் மரக்கறி லொறியில் போய்க்கொண்டிருந்தார். மற்ற நாட்களில் இங்கே வந்து உட்கார்ந்து பூங்குருவியைப் போனில் படம் பிடித்து இங்கிலாந்துக்கு அனுப்பினார். அங்கே அவருடைய பழைய ஆட்கள், எல்லாம் எழுபது எண்பது வயது, ஊசி போட்டாகியிருந்தது. ஆனால் உல்லாசப் பயணம் போக அவர்கள் நாட்டில் அப்போது தடை. "அவங்களுக்கு ஊசி இருக்கு, வெளிய வர ஏலாது. நமக்கு வெளிய வர ஏலும், ஊசி இல்ல" என்று சிரித்தார். சுற்றுலாத் துறைக்கு முதலில் போட வேண்டும் என்று கேட்டிருக்கிறார்களாம், ஹோட்டல்காரர்களை எழுதுவார்கள், எங்கேயும் பதிவில்லாத தன்னை யார் எழுதுவார்கள் என்பது அவர் கவலை. படிவத்தில் தொழில் என்ற கோட்டில் என்ன போடுவீர்கள் என்று தம்பி கேட்டான். "லொறி உதவியாளர்னு போட்டா முந்தி கெடைக்கும்னா அதப் போடுவேன்" என்றார். கூலி எவ்வளவு என்று கேட்டதற்கு வாங்க மறுத்தார், மாஸ்டர் ஆயிரம் ரூபாவைப் பறவைப் புத்தகத்துக்குள் வைத்துப் புத்தகத்தையே கொடுத்துவிட்டார்.

மத்தியானம் கால்வேஸ் லேண்ட். முப்பது ஹெக்டயாருக்கும் குறைந்த சின்னக் காடு, 2006இல் தேசிய வனமாக்கினார்கள். சாம்பல் கலந்த நீலத்தில் இலங்கைக்கே உரிய இன்னொரு ஈப்பிடிப்பான் கையெட்டும் தூரத்தில் நின்று பாடியது, கூட்டமாக வெள்ளைக்கண்ணிகள். மற்றபடி அமைதி. இரவு கொத்து ரொட்டி, முட்டையோடு 350 ரூபா, மரக்கறியில் பாதி லீக்ஸ். குளிருக்கு அது அமிர்தம்.

மார்ச் 13, சனி: ஹோட்டன் சமவெளி

நாலு மணிக்கு எழும்பிக் காரின் கண்ணாடியில் இருந்த பனியைத் துடைத்துப் பட்டிப்பொல வழியாக ஏறினோம். மேலே 2,100 மீற்றருக்கு மேல், வெளியே கை நீட்டினால் விரல் மரத்தது. முகக்கவசத்தால் வந்த ஒரே நன்மை மூக்கு உறையவில்லை. தீமை அதைவிடப் பெரிது: விடுகிற மூச்செல்லாம் மேலே ஏறித் தொலைநோக்கிக் கண்ணாடியை மூடுகிறது. துடை, வை, மூடு, துடை. மாஸ்டர் பையில் இருந்து காயத்துக்கு ஒட்டும் பிளாஸ்டரை எடுத்து முகக்கவசத்தின் மேல் விளிம்பை மூக்கோடு சேர்த்து ஒட்டினார். வேலை செய்தது. படத்தில் நாங்கள் மூவரும் அடிபட்டு ஆஸ்பத்திரியில் இருந்து வந்த ஆட்கள், அதனால் படம் போடவில்லை.

நுழைவாயிலில் வெளிநாட்டவர் வரிசை கம்பியும் பலகையுமாகக் காலியாக நின்றது. உள்ளூர் வரிசை நீளம், வெளிநாடு போக முடியாத சனமெல்லாம் மலைக்கு வந்திருக்கிறது. பொலித்தீன் சோதனை வழக்கம்போல: பிஸ்கட் உறையைப் பிரித்துக் காகிதப் பையில் கொட்டுவார்கள், தண்ணீர்ப் போத்தலின் லேபலைக் கிழித்து எடுப்பார்கள். நல்ல விஷயம். ஆனால் உள்ளே போனால் புல் முழுக்க நீல முகக்கவசம். அதுவும் பிளாஸ்டிக் நூல்தான், அதை யாரும் வாசலில் எண்ணி உள்ளே விடவில்லை. ஒரு மரை அதை மோந்து பார்த்துவிட்டு நகர்ந்ததைத் தம்பி காணொளி எடுத்திருக்கிறான்.

அரெங்கா குளம். வீதியோரத்துச் சின்னத் தடாகம், சுற்றிலும் காடு, இலங்கைச் சீழ்க்கைப் பூங்குருவி விடியும் நேரத்தில் இங்கே வரும். ஆண் கருநீலம், தோளில் மட்டும் மினுங்குகிற நீலத் திட்டு. மலையோடைகளை விட்டு எங்கேயும் போகாத, சரியான கூச்சக்காரப் பறவை. 1872இல் இதற்குப் பெயர் வைத்தபோது பிளை என்ற கோப்பித் தோட்டத்துக்காரரின் பெயரை வைத்தார்கள். அந்தக் காலத்தில் இந்த மலையெல்லாம் கோப்பி, 1869இல் வந்த இலைநோய் அதைத் துடைத்துப் போட்ட பிறகுதான் தேயிலை. இருட்டில் நின்றுகொண்டு மாஸ்டர் இதையெல்லாம் சொன்னார். சத்தம் வந்தது. மெல்லிய, நீண்ட, ஊசி முனைச் சீழ்க்கை ஒன்று, அப்புறம் இன்னொன்று, குளத்துக்கு இன்னும் கிட்ட. மூன்று பேரும் மூச்சைப் பிடித்தோம்.

அப்போதுதான் வான் ஒன்று வந்து நின்றது. பத்துப் பன்னிரண்டு இளைஞர்கள், புளூடூத் பெட்டியில் பாட்டு, ஒருத்தன் குளத்தில் கல் எறிந்தான். அவர்களுக்கு அது ஒரு குட்டை, அவ்வளவுதான். ஒரு வருஷம் வீட்டுக்குள் அடைந்து கிடந்த பிள்ளைகள், துள்ளத்தான் செய்வார்கள் என்று பிறகு நினைத்தேன். அந்த நேரத்தில் அப்படி நினைக்கவில்லை, அவர்கள் கேட்கும்படியாகவே ஏசினேன். ஒருத்தன் "சொறி மிஸ்" என்று பாட்டை நிறுத்தினான். பறவை போயிருந்தது. ஏழரை வரை நின்றும் வரவில்லை.

உலக முடிவு என்ற செங்குத்துப் பாறை விளிம்பு வரை நடக்க மாஸ்டரின் முழங்கால் விடவில்லை. ஓரமாகவே நடந்து காட்டுக்கோழி ஒன்று குடும்பத்தோடு வீதி கடப்பதையும், சிக்கலான புதருக்குள் இலங்கைப் புதர்ச்சிட்டு எலியாக ஓடுவதையும் பார்த்தோம். மரப்புறா தலைக்கு மேலே போனது. குறை சொல்ல முடியாத காலை, ஆனால் மூன்று பேரும் பேசாமல்தான் இறங்கினோம்.

பட்டிப்பொலயில் கரட் கழுவும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு அக்காவின் பெட்டிக்கடை. தேத்தண்ணியைக் காகிதக் கோப்பையில் ஊற்றி மதிலில் வைத்துவிட்டுத் தள்ளி நின்றார், "காசை அந்தக் கல்லுக்குக் கீழ வைங்க" என்றார். கல்லுக்குக் கீழே ஏற்கெனவே இரண்டு இருபது ரூபாத் தாள் இருந்தது. தள்ளி நின்றபடியே அரை மணி நேரம் பேசினார். போன வருஷம் ஊரடங்கில் லொறி வராமல் லீக்ஸை அப்படியே மண்ணோடு கொத்தி விட்டார்களாம், இந்த ஏப்ரல் வசந்த காலக் கொண்டாட்டத்தை விடுவார்களா என்று எங்களிடம் கேட்டார், கொழும்பில் இருந்து வருகிறவர்களுக்குத் தெரிந்திருக்கும் என்று. எங்களுக்கு எங்கே தெரியும். கிளம்பும்போது ஒரு பை கரட்டைக் கார்க் கதவருகில் வைத்துவிட்டுப் பின்னால் போனார், காசு வாங்கவில்லை.

இந்தப் பயணத்தில் சந்தித்த எல்லோரும் கொடுத்தார்கள், யாரும் கிட்ட வரவில்லை. பறவைக்காரரின் பிழைப்பே ஊர் பேர் தெரியாதவர் வீட்டுக் கொல்லைக்குள் நுழைந்து, அவர் தரும் தேத்தண்ணியைக் குடித்து, எங்கே எது கூடு கட்டியிருக்கிறது என்று கேட்டு வாங்குவதுதான். பறவைகளை ஒருத்தரும் பூட்டி வைக்கவில்லை. ஊசிக்காக நான் காத்திருந்தது அந்தக் கொல்லைகளுக்காக.

மூன்று மணிக்கு மழை பிடித்தது. ஆறு மணி வரை கம்பளிக்குள்.

மார்ச் 14, ஞாயிறு: ஹக்கல, திரும்பும் வழி

ஹக்கல பூங்காவில் கரடிக் குரங்குகள் ஒரு குடும்பம், அடர்ந்த உரோமத்தோடு வெயில் காய்ந்துகொண்டிருந்தன. பெரிய மரங்களுக்கிடையே கொண்டைக்குருவியும் ஈப்பிடிப்பானும் தாராளம். மாஸ்டருக்கு இங்கே பறவையைவிடச் சிங்கோனாவில்தான் ஆசை. 1861இல் இந்தத் தோட்டத்தைத் தொடங்கியதே சிங்கோனா வளர்க்கத்தான், அதன் பட்டையில் இருந்துதான் மலேரியாவுக்குக் கொயினா எடுத்தார்கள். கோப்பி செத்த பிறகு கொஞ்சக் காலம் மலை முழுக்கச் சிங்கோனா நட்டு, எல்லோரும் நட்டதில் விலை விழுந்து, அதையும் பிடுங்கிவிட்டுத் தேயிலை வைத்தார்கள். மருந்து மரம் இங்கே வளர்ந்தும் 1934, 35 மலேரியாவில் நாட்டில் ஏறத்தாழ 80,000 பேர் செத்தார்கள். 2016இல்தான் உலக சுகாதார நிறுவனம் இலங்கையில் மலேரியா இல்லை என்று சான்று தந்தது. "மருந்து இருக்கிறது வேற, மருந்து ஆளுக்குப் போய்ச் சேருறது வேற" என்றார் மாஸ்டர். நாடுகளுக்கு ஊசியைப் பகிரும் கோவாக்ஸ் திட்டத்தில் 264,000 ஊசி வந்திறங்கி அன்றைக்குச் சரியாக ஒரு கிழமை.

சீதாஎலியவில் கோயில் வாசலில் கும்பிட்டுவிட்டு, இறம்பொடை, புசல்லாவை வழியாக இறங்கினோம். கம்பளையில் பெட்ரோல், லீட்டர் 137. அங்கேயே ஒரு கடையில் மாட்டிறைச்சி ரோல் 60 ரூபா, மிளகு தூக்கலாக, கட்டாயம் சாப்பிட வேண்டியது.

காரில் ஒரே சண்டை. சீழ்க்கைப் பூங்குருவியைக் கேட்டோம், பார்க்கவில்லை, பட்டியலில் சேர்க்கலாமா? சேர்க்கலாம் என்றான் தம்பி, உலகம் முழுக்கச் சத்தத்தை எண்ணுகிறார்கள். மாஸ்டர் ஒத்துக்கொள்ளவில்லை. "நவம்பர்ல வருவம். ஊசி ரெண்டும் போட்டிட்டு வருவம். கண்ணால கண்டாத்தான் எழுதுவன்." முதல் ஊசி எப்போது என்றே தெரியாது, இரண்டாவதற்கு அதன்பிறகு பத்துப் பன்னிரண்டு கிழமை, நவம்பருக்குக் காணுமா என்று விரல் விட்டு எண்ணத் தொடங்கினார்.

கடுகண்ணாவை இறக்கத்தில் அம்மா போன் எடுத்தார். தோட்டத்து மிட்வைஃப் வந்து அறுபது வயதுக்கு மேற்பட்ட ஆட்களின் பெயரையெல்லாம் எழுதிக்கொண்டு போயிருக்கிறார், திகதி சொல்லவில்லை. ஊசி போட்டால் காய்ச்சல் வருமாமே, மீன் சாப்பிடலாமா, கை தூக்க ஏலாமல் போகுமா என்று வரிசையாகக் கேட்டார். மாஸ்டர் பின்சீட்டில் இருந்தே பதில் சொன்னார். அப்புறம் போன் பக்கத்து வீட்டு அக்கா கைக்குப் போனது, அவருக்கு இன்னும் ஐம்பதுகூட ஆகவில்லை, ஆனாலும் முன்கூட்டியே தெரிந்துகொள்ள வேண்டுமாம்.

"புள்ள, எங்களுக்கு ஊசி போடுற அன்னைக்குக் கொழுந்தெடுக்க மலைக்குப் போக ஏலாதுல்ல, அன்னைக்குப் பேர் போடுவாங்களா?"

தெரியவில்லை அக்கா, கேட்டுச் சொல்கிறேன் என்றேன். யாரிடம் கேட்பது என்று மூன்று பேரும் பேசிக்கொண்டே வந்தோம். தோட்டத்து ஆபீசிலா, தொழிற்சங்கத்திலா, பீஎச்ஐயிடமா?